ஞாயிறு ஆராதனைக்குத் திரையில காட்டுற பாட்டு, வசனப் பக்கங்கள் செய்யிறவைக்கு

யாழ்ப்பாணத்தில பழைய பாட்டுக் கோப்புகள் கனக்க இன்னும் பாமினியிலதான் கிடக்கு. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில திறந்தால் கீர்த்தனை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாச் சிதறி நிக்கும். சனிக்கிழமையே யூனிக்கோட்டுக்கு மாத்துங்கோ. மாத்தின பிறகு கொம்பும் காலும் சரியா விழுந்திருக்கோ எண்டு கண்ணால பாருங்கோ.

ஒரு பக்கத்துக்கு நாலு வரி போதும். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியைத் திரும்பப் போடுங்கோ. பின்னுக்குப் போய்த் தேடேக்க சபை பாடி முடிச்சிடும். யன்னல் வெளிச்சம் விழுகிற கோயிலில பூப்படப் பின்னணி வேண்டவே வேண்டாம், வெள்ளையில கறுப்பு எழுத்துத்தான் தெரியும்.

பிரசங்கத்துக்கு 23ஆம் சங்கீதம் எண்டால் 3ஆம் வசனத்தோட ஒரு பக்கத்தை முடிச்சு, 4ஆம் வசனத்தை அடுத்த பக்கத்தில தொடங்குங்கோ. அதுவரை கர்த்தரைப் பற்றிச் சொன்ன தாவீது, 4ஆம் வசனத்தில அவரோடயே கதைக்கத் தொடங்கிறார். போதகர் அதில கொஞ்சம் நிண்டு விளங்கப்படுத்தலாம்.