வந்த வழியே திரும்பிப் பார்த்தால் பிழை தெரியாது

லேஅவுட் இன்ஜினியர், அதாவது கட்டடத்தின் எந்தப் பகுதி எங்கே வர வேண்டும் என்று குறித்துக் கொடுப்பவர், போட்ட கோடு எதுவும் கட்டடத்தில் மிஞ்சாது. பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாத காங்கிரீட்) மேல் நூலடித்துப் போட்ட சென்டர் லைன் ஃபூட்டிங்குக்கு (அஸ்திவாரத்துக்கு) அடியில் போய்விடும், ஸ்லாப் மேல் போட்டது டைல்ஸுக்கு அடியில். மிஞ்சுவது காலம், அதாவது தூண், நிற்கிற இடம் மட்டும்தான். அது சரியாக நின்றால் யாரும் பேசமாட்டார்கள். 40 மி.மீ. தள்ளி நின்றால் சைட்டில் உள்ள அத்தனை பேரும் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்வார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷனைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். தவறில்லை. ஆனால் கருவியை இயக்குவது சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். வைத்த புள்ளி சரியா என்று எப்படிக் கேட்பது என்பதுதான் வருஷக்கணக்கில் பிடிபடாமல் இருக்கிறது.

ஒரு காங்கிரீட் நாளில் மேஸ்திரி பொறுமையிழந்து கேட்டார்: "பம்ப் வந்து நிக்குது சார். மூலைக்கு மூலை நூல் போட்டுப் பாத்தாச்சு, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. இன்னும் என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணாத்தான் இருக்கும் மேஸ்திரி. மொத்தமும் ஒரு ஜாண் தள்ளிப் போயிருந்தாலும் அது ஒண்ணாத்தான் இருக்கும்."

அவர் சிரித்துவிட்டு, பம்ப் ஆளிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைக்கு மூலை அளவும் ஒத்துப்போனால், நான்கு மூலையும் செங்கோணமாக இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்தச் செவ்வகம் தன் இடத்தில் இருக்கிறதா, திரும்பியிருக்கிறதா என்பதற்கு அந்த அளவில் பதில் இல்லை. அதற்கு வெளியே இருக்கிற ஒரு கன்ட்ரோல் பாயின்ட்டிலிருந்துதான், அதாவது இடம் முன்பே உறுதியாகத் தெரிந்த ஒரு புள்ளியிலிருந்துதான், பார்க்க வேண்டும்.

கருவியிலும் இதே கதைதான். பிரிசம் கான்ஸ்டன்ட் என்று ஒன்று இருக்கிறது. புள்ளியில் பிடிக்கிற பிரதிபலிப்பான்தான் பிரிசம், அதற்காகத் தூரத்தில் சேர்க்கிற திருத்தம்தான் கான்ஸ்டன்ட். ஒரு பிரிசத்துக்கு 0, இன்னொன்றுக்கு மைனஸ் 30 மி.மீ. என்று தயாரிப்பைப் பொறுத்து மாறும். முந்தின நாள் வேறு பிரிசத்தோடு யாராவது வேலை பார்த்து செட்டிங்கை அப்படியே விட்டிருந்தால், வைக்கிற ஒவ்வொரு புள்ளியும் 30 மி.மீ. முன்னாலோ பின்னாலோ விழும். அதே ஸ்டேஷனில் (கருவி வைத்த இடத்தில்) நின்று அதே புள்ளிகளை மறுபடி பார்த்தால் திரையில் அருமையாக ஒன்றும் இரண்டும் மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும். டேப் பிடித்தால் தெரியுமே என்றால், அதிலும் ஒரு குழி உண்டு. ஒரே திசையில் அடுத்தடுத்து வைத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்தால் இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருப்பதால் அளவு சரியாக வரும். கருவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எதிரெதிரே இருக்கிற இரண்டு புள்ளிகளுக்கு டேப் பிடித்தால்தான் 60 மி.மீ. பிடிபடும். அதனால் பேக்சைட் பார்க்கும்போது, அதாவது திசை பிடிக்கத் தெரிந்த ஒரு புள்ளியைப் பார்க்கும்போது, கோணத்தை மட்டும் செட் பண்ணிவிட்டு நகராமல் தூரத்தையும் படித்துவிடுவேன். பிறகு, கணக்கில் சேராத மூன்றாவது கன்ட்ரோல் பாயின்ட் ஒன்றையும் பார்ப்பேன். எனக்கு இது பழக்கம் என்பதைவிடப் பயம் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்வேன்.

டேப்பை வைத்து மூலைமட்டம் எடுப்பவர்களிடம், பக்கங்கள் 3, 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் என்றால் செங்கோணம் என்கிற 3-4-5 மேல் அபார நம்பிக்கை இருக்கிறது. அந்த 5 மீட்டர் அளவில் 5 மி.மீ. பிசகினால் 30 மீட்டர் நீளக் கோட்டின் கடைசியில் 60 மி.மீ.க்கு மேல் விலகும். அதையே 12-16-20 என்று பெரிதாகப் போட்டால், அதே 5 மி.மீ. பிசகுக்கு விலகல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இடம் இருக்கிற வரை பெரிய முக்கோணம் போடுங்கள். கிரிட்டுக்கு கிரிட் (காலங்களின் வரிசைக் கோடுகள்) துண்டு துண்டாக அளந்து போகாமல், ஒரே முனையிலிருந்து கூட்டல் அளவாகப் படிப்பதும் இதற்காகத்தான். துண்டுக்கு 2 மி.மீ. என்றால் பத்தாவது துண்டு முடியும்போது 20 மி.மீ. சேர்ந்திருக்கும்.

லெவல் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க் 100.000 மீட்டர், அதன் மேல் நிறுத்திய ஸ்டாஃபில் (அளவுகோலில்) 1.425, ஆக கருவி உயரம் 101.425. அடிமட்டம் 99.850 வேண்டுமென்றால் ஸ்டாஃபில் 1.575 படிக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான். முடித்ததும் இன்னொரு பெஞ்ச்மார்க்கில் கொண்டுபோய் மூடுங்கள். முதலில் படிக்கிற பேக்சைட்டும் கடைசியில் படிக்கிற ஃபோர்சைட்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்குமாறு ஆட்டோ லெவலை நடுவில் வைத்தால், கருவியின் கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அந்தப் பிழை தானாகக் கழிந்துபோகும். வரைபடத்தில் போட்டிருப்பது தரை ஃபினிஷ் லெவலா, ஸ்லாப் மேல்மட்டமா என்று ஒருதரம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பெரிய பெரிய சண்டைகள் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற 50 மி.மீ.யில்தான் தொடங்குகின்றன.

எனக்குப் பிடித்த வேலை ஆங்கர் போல்ட், அதாவது ஸ்டீல் காலத்தை அஸ்திவாரத்தோடு பிணைக்கிற போல்ட். ஸ்டீல் காலத்தின் பேஸ் பிளேட் ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் இடையே இருக்கிற இடைவெளி சில மில்லிமீட்டர்தான். டெம்ப்ளேட் பிளேட்டில் நான்கு போல்ட்டையும் பூட்டி, பிளேட்டின் நடுவில் கீறிய குறுக்குக் கோட்டைச் சென்டர் லைனோடு சேர்த்து, கம்பியோடு ஒட்டாமல் ஷட்டரிங்கில் (காங்கிரீட்டுக்கான பலகை அச்சில்) தனியாகத் தாங்கு கொடுக்க வேண்டும். கம்பியில் வெல்டிங் வைத்தால் யாராவது கூண்டின் மேல் ஏறி நிற்கும்போது போல்ட்டும் சேர்ந்து அசையும். காங்கிரீட் விழ ஆரம்பித்ததும் பலர் கருவியை மடித்துவிடுவார்கள். நான் மடிப்பதில்லை. வைப்ரேட்டர் ஒரு பக்கமாகவே இறங்கினால், பச்சைக் காங்கிரீட் டெம்ப்ளேட்டைக் கண்ணெதிரிலேயே தள்ளுவது லென்ஸில் தெரியும். கோடு நகர்வதைப் பார்த்ததும் கையைக் காட்டினால், எதிர்ப்பக்கம் ஆப்பு வைத்துத் தட்டிச் சரிசெய்துவிடலாம். அதற்கு இருக்கிற நேரம், காங்கிரீட் இறுகும் வரைதான். இறுகிய பிறகு கேஸ் கட்டரை வைத்து பேஸ் பிளேட் ஓட்டையை அகலப்படுத்தும் பேச்சு வரும், அதோடு டிசைனரிடமிருந்து கடிதமும் வரும்.

மாடி ஏற ஏற வேறொரு ஆசை வரும். கீழ்மாடிக் காலம் முகத்தில் தூக்குக் குண்டு தொங்கவிட்டு மேலே கோட்டை ஏற்றிவிடலாம் என்று. இரண்டு மாடி என்றால் தாங்கும். உயரமான கட்டடத்தில் கீழ்மாடிப் பிசகு அப்படியே அடுத்த மாடிக்குச் சொத்தாகப் போகும். ஸ்லாப்பில் விட்ட சின்னச் சதுரத் திறப்புகள் வழியே ஒவ்வொரு முறையும் தரைமட்டக் கன்ட்ரோலிலிருந்தே மேலே எடுக்க வேண்டும். அந்தத் திறப்புகளைக் காங்கிரீட் போடும்போது 'தேவையில்லாத ஓட்டை' என்று அடைத்துவிடுகிற ஆட்கள் எல்லா சைட்டிலும் உண்டு. அதனால் ஷட்டரிங் முடிந்ததும் திறப்புக்கு வைத்த பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும் என் செக்லிஸ்டில் ஒரு வரி.

இன்னொரு வரி, டிராயிங்கின் ரிவிஷன் எண். ஃபீல்டு புக்கில் தேதி, கருவி, பயன்படுத்திய கன்ட்ரோல் பாயின்ட்கள், அன்று கையில் இருந்த ரிவிஷன், சரிபார்த்தபோது வந்த வித்தியாசம் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். 300க்கு 600 காலம் 600க்கு 300 ஆகத் திரும்பி நிற்கிறது என்று ஆறு மாதம் கழித்துக் கேள்வி வந்தால், மார்க்கிங் போட்ட அன்று ரிவிஷன் 2 என்றும் காலத்தைத் திருப்பியது ரிவிஷன் 3 என்றும் காட்ட அந்தப் பக்கம் ஒன்று போதும்.