அட்டையில் பன்னிரண்டு சொட்டு

ஜூன் 1, ஞாயிறு

காலையில் காரை வெளியே எடுத்தபோதுதான் கவனித்தேன். நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அங்கே பழைய கறை ஒன்று கொஞ்ச நாளாகவே உண்டு, ஆனால் இது அதன்மேல் புதிதாகப் பளபளத்தது. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. போன மாதம் ஆயில் மாற்றியபோது மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடையில் ஓட்டியது 600 கிலோமீட்டர்கூட இருக்காது. என் காரில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் கணக்கு. அப்படியானால் அரை லிட்டருக்கு மேல் காணோம். சைலன்சரில் நீலப்புகை கிடையாது, அதனால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கவில்லை. வெளியேதான் போகிறது.

1998 மாடல் கார், அப்பா வாங்கியது. இப்போது அவர் ஓட்டுவதில்லை. ஆனாலும் காலையில் ஒருமுறை வந்து அதைச் சுற்றிப் பார்க்காமல் இருக்கமாட்டார். கறையைப் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

“எஞ்சின் ஆயில்தான்டா. கியர் ஆயிலா இருந்தா கந்தக நெடி மூக்கைத் துளைக்கும்.”

நானும் முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. பிரேக் ஆயில் இவ்வளவு கருக்காது, கூலன்ட்டுக்கு இந்தப் பிசுக்கு இருக்காது. எது ஒழுகுகிறது என்பது முடிவாகிவிட்டது. எங்கிருந்து என்பதுதான் பாக்கி.

ஜூன் 2, திங்கள்

மெக்கானிக்கிடம் காட்டினேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்து, இரண்டு நிமிடம் பார்த்தார். “கிராங்க் பின்சீல் போயிடுச்சு சார். கியர்பாக்ஸை இறக்கணும்.”

கிராங்க் என்பது எஞ்சினின் சுழல் தண்டு, அது கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் பின்சீல். அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில்தான் சொட்டுத் தொங்குகிறது. பின்சீல் போனாலும் அங்கேதான் தொங்கும். ஆனால் எஞ்சினின் பின்புறம் எந்த உயரத்தில் கசிந்தாலும் ஆயில் வழிந்து வழிந்து கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். கியர்பாக்ஸை இறக்குவது ஒருநாள் முழுக்க இழுக்கும் வேலை. இறக்கி, சீல் மாற்றி, ஏற்றி, மறுநாளும் சொட்டு விழுந்தால்? “ஒரு வாரம் கழிச்சு வர்றேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

நேற்று இரவு பெரிய அட்டை ஒன்றை எஞ்சினுக்கு அடியில் விரித்து, முன்சக்கரம் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் அட்டையில் குறித்தேன். காலையில் எண்ணினால் பன்னிரண்டு சொட்டு, எல்லாம் ஒரே கொத்தாக, எஞ்சினின் பின்பக்கத்துக்கு நேர் கீழே. முன்பக்கம் ஒன்றுகூட இல்லை. கிராங்க் முன்சீலையும் ஆயில் ஃபில்டரையும் இப்போதைக்குச் சந்தேகப் பட்டியலில் கீழே தள்ளலாம்.

பன்னிரண்டு சொட்டு சேர்ந்தாலும் ஒரு மில்லிலிட்டர் தேறாது. இந்தக் கணக்கில் அரை லிட்டர் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆக, நிற்கும்போது போவது சொற்பம். ஓடும்போதுதான் போகிறது. சூட்டில் ஆயில் தண்ணீராக இளகி, எங்கேயோ ஒரு இடைவெளியில் பிதுங்குகிறது. பிறகு காற்று அதைப் பின்னால் அடித்துப் பூசிவிடுகிறது. அடிப்பக்கம் முழுவதும் அழுக்கும் ஆயிலும் ஒரே பூச்சாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஜூன் 7, சனி

இன்று இரண்டு வேலை. இரண்டும் நன்றாக நடந்தன.

முதல் வேலை பின்சீல் விவகாரம். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒருமுறை தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போனேன். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் தலையை உள்ளே விடவேண்டாம். கியர்பாக்ஸ் வாயின் அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, இரண்டே போல்ட். கழற்றி, கைக்கண்ணாடியைச் சாய்த்து டார்ச் அடித்தேன். உள்ளே, கிராங்க் நுனியில் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலின் பின்னால் உலர்ந்த தூசி, கிளட்ச் தேய்ந்து விழுந்த சாம்பல் நிறத் தூள். விரலை விட்டுத் தடவினால் மாவு போல ஒட்டுகிறது. ஈரமே இல்லை. பின்சீல் கசிந்தால் முதலில் நனைவது இந்த இடம்தான். வெளியே மட்டும் நனைந்து உள்ளே காய்ந்திருப்பதால், சீல் நன்றாக இருக்கிறது. அடியில் படுத்தபடியே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

இரண்டாவது, கழுவுதல். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காற்று உறிஞ்சும் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, ஆறிய எஞ்சினில் டிகிரீசர் அடித்துப் பிரஷ்ஷால் தேய்த்தேன். அழுக்கு ஏடு ஏடாகக் கிளம்பியது. தண்ணீரை மெதுவாகத்தான் விட்டேன். வேகமாகப் பீய்ச்சினால் சீலுக்குள்ளும் வயர் சாக்கெட்டுக்குள்ளும் புகுந்து வேறு தொல்லை கொடுக்கும். காய்ந்த பின் எஞ்சினின் பின்பக்கம், பக்கவாட்டு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் விளிம்பு எல்லாவற்றிலும் முகப்பவுடர் தூவினேன். வெள்ளைப் பரப்பில் ஆயில் தொட்டால் உடனே கருத்துக் காட்டும்.

20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்தேன். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை மூடும் டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு, பென்சிலால் இழுத்தது போல, ஹெட்டின் பின்முதுகில் இறங்கி, கியர்பாக்ஸ் வாய் வரை போகிறது. எக்ஸாஸ்ட் பக்கமும் கவர் விளிம்பில் லேசான ஈரம். சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக வந்த கருகல் வாடை இதுதான். அதைச் சில மாதங்களாகவே சகித்துக்கொண்டிருந்தேன், அது தவறு. எக்ஸாஸ்ட் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டில் ஆயில் விழுவது தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் கொஞ்சம் ஆயில் பிசுக்கு இருந்தது. துடைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

டேப்பட் கவரைக் கழற்றினேன். போல்ட்டுகள் எல்லாம் அளவுக்கு மேல் முறுக்கப்பட்டிருந்தன. எப்போதோ கசிவைப் பார்த்த யாரோ, “இன்னும் கொஞ்சம் டைட் வை” என்று இறுக்கியிருக்க வேண்டும். தகட்டுக் கவர் இது. இறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றிக் குழி விழுந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே விளிம்பு தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்கக் கசிவு கூடத்தான் செய்யும். கவரைச் சமமான மரக்கட்டையில் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி விளிம்பை நேராக்கினேன். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்து, அடியில் வெளிச்சம் தெரியாத வரை தட்டினேன். அதற்கே முக்கால் மணி நேரம்.

கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஆயிலைத் தடுக்கும் பழைய ரப்பர் பேக்கிங்கை எடுத்து வளைத்தேன். ‘டக்’ என்று ஒடிந்தது. ரப்பர் என்றே சொல்லமுடியாது. வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, பிளாஸ்டிக் போல இறுகிப்போயிருந்தது. புதியதை அதன் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஹெட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால்தான் சுரண்டினேன். அலுமினியம், இரும்பு பட்டால் கீறல் விழும், கீறல் வழியே மறுபடி கசியும். கேம்ஷாஃப்ட் மூடிகள் ஹெட்டோடு சேரும் நான்கு மூலைகளில் மட்டும் சிலிகான் பசை, அதுவும் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. சுற்றிலும் தாராளமாகப் பூசுகிற பழக்கம் பலருக்கு உண்டு. பிதுங்கி உள்ளே விழுந்த பசை சம்புக்குள் போய், ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். என் காரின் கையேட்டில் உள்ள அளவு அது. கைக்கு அது போதவே போதாது போலத் தோன்றும். போதும்.

பசை முழுதாக இறுக 24 மணி நேரம். கார் நாளைவரை அசையாது.

ஜூன் 10, செவ்வாய்

அட்டையில் மூன்று சொட்டு.

பன்னிரண்டு மூன்றானது முன்னேற்றம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை. மறுபடி துடைத்து, பவுடர் தூவி, ஓட்டிப் பார்த்தேன். டேப்பட் கவர் ஓரம் முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கறுப்புக் கோடு இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டுக்குள் நுழையும் கழுத்திலிருந்து தொடங்குகிறது. மேலிருந்து வழிந்த ஆயில் முதல் தடவை இதை மறைத்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே காய்ந்திருந்தது. உள் சீல் பிரச்சினை இல்லை, வெளியே இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான்.

ஜூன் 12, வியாழன்

ஒரு கேள்வி இரண்டு நாளாகக் குடைந்துகொண்டே இருந்தது. ரப்பர் எல்லாவற்றுக்கும் ஒரே வயசு, சரி. ஆனால் இத்தனை நாள் லேசாகக் கசிந்த கார் ஒரே மாதத்தில் அரை லிட்டர் துப்புவானேன்? உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது.

அப்போதுதான் ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்த பிசுக்கு நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை அதைத் துடைத்துவிட்டு மறந்தேபோனேன். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் பெட்டிக்குள் இறங்குவது எந்த எஞ்சினுக்கும் இயல்பு. அதை இன்டேக் பக்கம் இழுத்து எரித்துவிடத்தான் பிசிவி வால்வு. அது அடைத்துக்கொண்டால் வாயு பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குத் திரும்பி வரும், ஆயில் ஆவியையும் கூட்டிக்கொண்டு. அந்தக் குழாயும் அடைத்தால் பலவீனமான பேக்கிங் எதுவோ அதைத்தான் தள்ளும்.

சோதனை எளிது. எஞ்சின் ஐடிலில் ஓட, பிரீதர் குழாயை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாயில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன். நல்ல எஞ்சினில் கொஞ்ச நேரத்தில் காகிதம் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே அது படபடவென்று அடித்து எழும்பி, பேட்டரிமேல் போய் விழுந்தது. வால்வை உருவிக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே ‘கலகல’ சத்தம் வரவேண்டும். ஊமையாக இருந்தது. பிரீதர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே கறுப்புச் சேறு அப்பி, ஒரு பென்சில் நுழையும் வழிதான் மிச்சம்.

பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு விட்டிருந்தால் புதியதும் சீக்கிரமே கசிந்திருக்கும்.

ஜூன் 14, சனி

புதிய பிசிவி வால்வு, புதிய பிரீதர் குழாய். ஐந்து நிமிட வேலை. காகிதத்தை மறுபடி வைத்தேன். சற்றுத் தயங்கி, ‘சப்’பென்று ஒட்டிக்கொண்டது. அப்பாவும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர். கழற்றும் முன் அதன் உடம்பும் ஹெட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். அந்த உடம்பு எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பதுதான் இக்னிஷன் டைமிங். கோடு இல்லாமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது குருட்டாம்போக்குதான். ஷாஃப்டின் நுனிப் பல் ஒரு பக்கம் தள்ளி அமைந்திருப்பதால் அது ஒரே விதமாகத்தான் உட்காரும், அந்தக் கவலை இல்லை.

ஓ-ரிங்கை ஊசியால் நெம்பி எடுத்து, வெட்டி, வெட்டு முகத்தைப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டியது சதுரமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடந்து, அந்தப் பள்ளத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டுவிட்டது. புதியதில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவி, திருகாமல் நேராக அழுத்தி உள்ளே விட்டேன். கோட்டோடு கோடு சேர்த்து இறுக்கி, டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன். பழைய அளவிலேயே நிற்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அட்டையில் ஒன்றுமில்லை. புது அட்டை போட்டேன், பழையதில் எது புதிது என்று தெரியவில்லை.

ஜூன் 21, சனி

ஒரு வாரம், 300 கிலோமீட்டர். அட்டை சுத்தம். அடியில் போய்க் கியர்பாக்ஸ் வாயைத் துடைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. டேப்பட் கவர் போல்ட்டுகளை மறுபடி இறுக்கத் தோன்றியது, கையை அடக்கிக்கொண்டேன். மெக்கானிக்கிடம் போய் ஒடிந்த பேக்கிங்கையும் சதுர ஓ-ரிங்கையும் காட்டினேன். காகிதச் சோதனையை விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றோடு 800 கிலோமீட்டர். வேலை முடிந்ததும் மேல்கோடு வரை நிரப்பிய ஆயில், டிப்ஸ்டிக்கில் ஒரு நூலளவுதான் இறங்கியிருக்கிறது. கருகல் வாடை அறவே இல்லை.

அட்டையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும்” என்றார் அப்பா. தரையிலிருந்த பழைய கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.