காந்தத்தில் ஒட்டியதெல்லாம் ஆற்று மேக்னடைட் இல்லை

நொய்யல் மணலில் காந்தத்தை ஒரு இழுப்பு இழுத்தால் கருப்பாக மீசை முளைத்துவிடும். உடனே மேக்னடைட் (காந்தத்தில் வலுவாக ஒட்டும் இரும்பு ஆக்சைடு கனிமம்) என்று எழுதிவிடாதீர்கள். கோவைப் பக்கம் பவுண்டரித் தூசி, லேத் சீவல், வெல்டிங் பொறி எல்லாமே ஒட்டும். கொடுமணல் பக்கமென்றால் பழங்கால உலைகளின் இரும்புக் கிட்டமும் சேர்ந்துகொள்ளும்.

100 கிராம் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பாலித்தீன் பைக்குள் போட்ட காந்தத்தால் துழாவுங்கள். பை இல்லாவிட்டால் துகளைச் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் செய்தால் குவார்ட்ஸும் கூடவே தொற்றிக்கொண்டு வரும். முதலில் பழைய ஸ்பீக்கர் காந்தமே போதும். நியோடிமியம் காந்தத்துக்கு வலு அதிகம். இல்மனைட் என்ற கருப்புக் கனிமத்தையும் நம் ஊர்ப் பாறைகளிலிருந்து வரும் கார்னெட் என்ற செந்நிறக் கனிமத்தையும் இழுத்துவிடும்.

பிரித்ததை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஆற்று மேக்னடைட்டில் எட்டு முகப் படிகம் தென்படலாம். முனை மட்டும் மழுங்கியிருக்கும். கச்சிதமான குண்டுமணி போல் உருண்டு மினுங்கினால் அது உருகித் தெறித்த இரும்பு, அல்லது நிலக்கரிச் சாம்பல். சுருண்டு துருவேறியிருந்தால் லேத் சீவல்.

ஹெமடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு சாதாரணக் காந்தத்துக்கு அசையாது. ஆனால் அதன் காந்த நினைவு, அதாவது பூமியின் காந்தத் திசையைப் பதித்து வைத்திருக்கும் தன்மை, உறுதியானது: மேக்னடைட் 580 டிகிரியில் இழப்பதை இது ஏறத்தாழ 675 டிகிரி வரை வைத்திருக்கும்.

பூமியின் பழைய காந்தத் திசையைப் படிக்க மணல் உதவாது. நீரோட்டம் பெரிய துகளைப் புரட்டிவிடும். அசையாத நீரில் மெல்லப் படிந்த களிவண்டல்தான் வேண்டும். வயலுக்கு வண்டல் அள்ளிய குளத்தை விட்டுவிடுங்கள், அடுக்கே மிஞ்சியிருக்காது. கோடையில் பாளம் வெடித்த இடமும் ஆகாது. மேல் தூசி விரிசல் வழியே அடிவரை இறங்கியிருக்கும்.

2 செ.மீ. பிளாஸ்டிக் டப்பாவை நேராக அழுத்தி, வடதிசை அம்புக்குறி போட்ட பிறகே வெளியே எடுங்கள். இரும்புக் கொத்துக்கரண்டி கூடாது. திசைகாட்டி பார்க்கும்போது செல்போனைத் தள்ளி வையுங்கள், அதிலும் காந்தம் உண்டு. இங்கே பூமிக் காந்தத்தின் சாய்வே சில டிகிரிதான். டப்பா சற்றுச் சாய்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

கருப்பாக நாற்றமடிக்கும் சேற்றைச் சூடாக்கி உலர்த்தாதீர்கள். அதில் கிரெய்கைட் என்ற இரும்பு சல்ஃபைடு இருந்தால் காற்றுப் பட்டே கெட்டுப்போகும். காற்றுப் புகாமல் குளிரில் வையுங்கள்.

பழைய திசையைப் பிரித்தெடுக்க ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடேற்றும்போது, ஒவ்வொரு படிக்குப் பின்னும் காந்த ஏற்புத்திறனை (மண் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை) அளந்துவிடுங்கள். திடீரென்று ஏறினால் களிமண்ணிலுள்ள இரும்பு புது மேக்னடைட்டாக மாறிவிட்டது என்று பொருள். அதற்குமேல் வரும் திசை குளத்துடையதல்ல, அடுப்புடையது.