ஒரு ஸ்ரீ, இரண்டு ஸ்ரீ

மலேசியாவில், சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, நேற்று ராத்திரி கோயில் நன்கொடைப் பட்டியலுக்கான கணினி நிரலைக் குடைந்துகொண்டிருந்தேன். 'ஸ்ரீ' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். தலைவர் பெயரையே காணோம்! (அதுதான் பெரிய தலைவலி.)

கண்ணுக்கு எழுத்து ஒன்றுதான். உள்ளே இரண்டு: ஒன்று ஸ-வில் தொடங்குகிறது, இன்னொன்று ஶ-வில். இந்த ஶ, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் சேர்ந்ததே 2005-ல்தான். விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும்.

மூன்று வரியில் திருத்தி, வழக்கம்போல, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரலை இணையத்தில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் என் திருத்தத்துக்கே திருத்தம் அனுப்பியிருக்கிறார். 'ஸ்ரி' என்று குறிலாகத் தட்டியவர்களை நான் மறந்துவிட்டேனாம். சரிதான்.

அம்மா கேட்டார்: "இதுக்கு எத்தன வெள்ளி குடுப்பாங்கடா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"நாப்பது வருசம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினேன். தோட்டத்துக் கிராணி நிறுக்காம ஒரு வாளிப் பால் விட்டதில்ல."

1983-ல் ஸ்டால்மன், எல்லாரும் பகிர்ந்து திருத்தக்கூடிய மென்பொருளுக்காகக் குனு திட்டத்தை அறிவித்த கதையை ஆரம்பித்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் கூப்பிட, அம்மா கறிவேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார்.