அடிக்கட்டை அரைக்கும் மெஷினுக்குத் தனி பம்ப்தான் வேண்டும்

சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வண்டியிலேயே ஹைட்ராலிக் இருக்கிறதே, பின்னாலிருந்து இரண்டு ஹோஸ் எடுத்து ஒரு ஹைட்ராலிக் மோட்டாரை மாட்டி, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை அரைக்கும் பல் வைத்த சக்கரத்தை ஓட்டிவிட முடியாதா? சக்கரம் சுற்றும், ஆனால் மரத்தில் வைத்த உடனே நின்றுவிடும். மாதவரம் பக்கம் பட்டறை வைத்து இந்த மெஷினைச் செய்கிறேன், வேலைக்கும் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். அதனால் கையில் இருக்கிற கணக்கை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

ஹைட்ராலிக்கில் கிடைக்கும் சக்தி இரண்டு விஷயத்தில் அடங்கிவிடும்: எவ்வளவு ஆயில் ஓடுகிறது, எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டரோ அதை, அழுத்தம் எத்தனை பாரோ அதோடு பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். 24, 27 எச்பி வண்டிகளில், ஜிவோ ஆகட்டும் குபோட்டா ஆகட்டும் விஎஸ்டி ஆகட்டும், லிஃப்ட் தூக்குவதற்கென்று இருக்கிற பம்ப் பெரும்பாலும் 20 லிட்டர் பக்கம்தான் தரும். 150 பாரில் அது 5 கிலோவாட், ஏழு எச்பிகூட இல்லை. வால்விலும் ஹோஸிலும் மோட்டாரிலும் போவது போகச் சக்கரத்துக்கு ஐந்து எச்பி வந்து சேர்ந்தால் பெரிது. அதை வைத்து முருங்கைக் கட்டையை அரைக்கலாம். வேம்பிடம் அது நடக்காது, புளியமரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால் என் மெஷினில் சக்கரத்துக்குத் தனி பம்ப், தனி ஆயில் தொட்டி. வண்டியின் சொந்த ஆயில், சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையை இடமும் வலமும் மேலும் கீழும் ஆட்டுகிற சிலிண்டர்களுக்கு மட்டும்தான். அந்த வேலைக்கு 20 லிட்டர் ஏராளம், அதையே ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு போட்டுக் குறைத்துத்தான் விடுகிறேன்.

தனி பம்ப் பிடிஓவில் ஓடுகிறது, அதாவது இன்ஜின் சக்தியைக் கருவிகளுக்குத் தர வண்டியின் பின்னால் சுற்றுகிற ஷாஃப்ட்டில். பிடிஓ 540 ஆர்பிஎம்தான், கியர் பம்புக்கு அது போதாது, ஆகவே நடுவில் ஒன்றுக்கு மூன்று வேகம் ஏற்றும் கியர்பாக்ஸ். 1620 ஆர்பிஎம்மில் 30 சிசி பம்ப், அதாவது ஒரு சுற்றுக்கு 30 சிசி ஆயில் தள்ளுவது, கணக்குப்படி 48 லிட்டர் தர வேண்டும், உள்கசிவு போக 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 45 லிட்டரை 50 சிசி ஆர்பிட் மோட்டாருக்குக் கொடுத்தால் சக்கரம் 850 ஆர்பிஎம் பக்கம் சுற்றும். சக்கரம் 18 அங்குலம் என்றால் பல்லின் நுனி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும், கட்டையை அரைக்க அது போதும். அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வை 160 பாரில் வைத்திருக்கிறேன். முழு லோடில் பிடிஓவிலிருந்து 19 எச்பி வரை இழுக்கும். 27 எச்பி வண்டி இதைத் தாங்கும், அதற்குக் கீழே இருக்கிற வண்டிக்கு 25 சிசி பம்ப் போட்டுவிடுங்கள், சக்கரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான்.

இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில் பிடிஓ ஷாஃப்ட்டையே நேராகச் சக்கரத்துக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், சக்தி வீணாவதும் குறையும், திறந்த தோப்பில் வேலை என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அதற்குப் போடுகிற மூட்டு வைத்த கார்டன் ஷாஃப்ட்டை ஓரளவுக்கு மேல் வளைக்க முடியாது, சக்கரத்தைப் பக்கவாட்டில் வெகுதூரம் நீட்டவும் முடியாது. சக்கரம் ஒரு கல்லில் மாட்டி நின்றால் அந்த அடி முழுக்க வண்டியின் கியர்பாக்ஸுக்குப் போகும். ஹைட்ராலிக்கில் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பிவிடும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. நம்ம ஏரியாவில் மரம் எங்கே நிற்கிறது? காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஈபி பில்லர் பாக்ஸை ஒட்டி, குடிநீர்க் குழாயின் மேலே. சக்கரம் ஓரமாக எட்டிப்போய் வேலை செய்தாக வேண்டும்.

திருவொற்றியூரில் ஒரு சந்து, வண்டி நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே வீட்டு வாசலில் ஒரு குல்மோகர் அடிக்கட்டை, மரத்தை வெட்டி வருஷம் ஆகியும் வேர் தரையைத் தூக்கிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டு அக்கா முதலில் மெஷினைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் காட்டினார். "தம்பி, இதுக்குக் கீழதான் மெட்ரோ வாட்டர் பைப்பு போகுது. ஜேசிபிகாரன் வந்து பார்த்துட்டு கேரண்டி இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பைப்பு உடைஞ்சா நாங்க லாரித் தண்ணிக்குத்தான் நிக்கணும்." அவர் பயம் நியாயமானது. ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல் எடை, அது கட்டையைப் பிடித்து இழுக்கும்போது வேரும் சேர்ந்து வரும், வேர் சுற்றிப் பிடித்திருக்கிற குழாயும் வரும், சில வீடுகளில் சுவரே வந்துவிடும். அரைக்கும் மெஷின் எதையும் இழுப்பதில்லை. மேலிருந்து ஒன்றரை அங்குலம் ஒன்றரை அங்குலமாகச் சீவிக்கொண்டே இறங்குகிறது. டைல்ஸ் போட ஒன்பது அங்குல ஆழம் போதும். குழாய் எங்கே என்று முதலில் கம்பியால் குத்திப் பார்த்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, அந்தப் பக்கத்தில் ஆறு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். மீதி இருக்கிற வேர் மண்ணுக்குள்ளேயே மக்கிவிடும். வேலை முடிகிற வரை அந்த அக்கா குழாய்ப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், தூரமாக நிற்கச் சொல்லிச் சொல்லித்தான் ஓட்டினேன்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். இதைச் செய்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் சக்கரத்தை நிறுத்துகிற வால்வு. நாற்பது கிலோ சக்கரம் 850-இல் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆயிலின் வழியைத் திருப்புகிற சாதாரண ஸ்பூல் வால்வின் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் மோட்டாரின் இரண்டு போர்ட்டும் அடைபட்டுவிடும். சக்கரம் உடனே நிற்காது, அதன் வேகம் மோட்டாரையே பம்பாக மாற்றிவிடும். ஒரு பக்கம் ஆயில் போக வழியில்லாமல் அழுத்தம் எகிறும், மறுபக்கம் வெற்றிடம் ஆகும். ஹோஸ் வெடிக்கும், இல்லாவிட்டால் ஷாஃப்ட்டில் கீ அறுந்துபோகும். இதற்கென்றே மோட்டார் ஸ்பூல் என்று ஒன்று கிடைக்கிறது, நடுவில் வைத்தாலும் இரண்டு போர்ட்டும் தொட்டிக்குத் திறந்தே இருக்கும், சக்கரம் தானாக ஓடி நிற்கும். கடையில் வால்வு வாங்கும்போது "சிலிண்டருக்கா மோட்டாருக்கா" என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். கூடவே மோட்டாரின் ரிட்டர்ன் லைனிலிருந்து இன்லெட்டுக்கு ஒரு செக் வால்வு, ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடுவது, போட்டுவிடுங்கள். மோட்டாருக்குள் கசிகிற ஆயில் வெளியேறும் கேஸ் டிரெய்ன் தனி லைனாக நேரே தொட்டிக்குப் போகட்டும், ரிட்டர்னோடு சேர்த்தால் ஆயில் சீல் பிதுங்கிவிடும்.

சக்கரத்தை மோட்டார் ஷாஃப்ட்டிலேயே மாட்டக் கூடாது. வியாசர்பாடியில் எனக்கு ஷாஃப்ட் கடைந்து தருகிற அண்ணன் வரைபடத்தைப் பார்த்தவுடன் சொல்வது இதுதான்: "மோட்டார் சுத்தறதுக்குத்தான் இருக்கு தம்பி, அடி வாங்கறதுக்கு இல்ல." இஎன்8 ரக எஃகு உருளையில் 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், இரண்டு பக்கமும் பேரிங்கைத் தாங்குகிற பிளம்மர் பிளாக், அதற்கப்புறம் ஒரு கப்ளிங், அந்தப் பக்கம்தான் மோட்டார். பிளம்மர் பிளாக்கும் சர்க்கிளிப்பும் சீலும் பாரிமுனைக் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஹோஸ் அடித்துத் தருகிற கடைகள் லாரி நிற்கிற இடமெல்லாம் இருக்கின்றன, இரண்டு கம்பிப் பின்னல் உள்ள ஹோஸாகக் கேளுங்கள், ஒற்றைப் பின்னல் வேண்டாம்.

அடுத்தது சூடு. பிடிஓவிலிருந்து 14 கிலோவாட் எடுத்துச் சக்கரத்துக்கு 10 கிலோவாட் கொடுக்கிறோம் என்றால் பாக்கி நான்கு கிலோவாட்டும் ஆயிலில் சூடாகத்தான் இறங்குகிறது, குளியலறை கீசர் இரண்டைத் தொட்டிக்குள் போட்டு ஆன் செய்த மாதிரி. மே மாதத்து மணலியில் வெயிலே நாற்பதைத் தாண்டும்போது இது விளையாட்டில்லை. ஆயில் 60, 65 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 80-ஐத் தாண்டினால் ஆயில் தண்ணீராக இளகி, பம்பில் கசிவு கூடி, சக்கரம் சோர்ந்துபோகும், சீல்களும் இறுகிவிடும். பெரிய தொட்டி வைத்தால் நல்லது, ஆனால் சின்ன டிராக்டரின் பின்னால் எவ்வளவுதான் ஏற்றுவது? நான் 80 லிட்டரோடு நிறுத்திக்கொண்டு, ஃபேன் வைத்த ஆயில் கூலரை ரிட்டர்ன் லைனில் போடுகிறேன். ஆயில் 68 கிரேடு. தொட்டிக்குள் ரிட்டர்ன் விழுகிற இடத்துக்கும் பம்ப் உறிஞ்சுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு கட்டாயம், இல்லையென்றால் விழுகிற சூட்டு ஆயிலையே பம்ப் திரும்பத் திரும்ப உறிஞ்சும். வெல்டிங் முடிந்ததும் உள்ளே இருக்கிற கசடை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுங்கள், அந்தப் பொட்டுதான் பிறகு பம்பின் பல்லைக் கீறும். ரிட்டர்னில் 10 மைக்ரான் ஃபில்டர். எல்லாம் சேர்ந்து பின்பக்கம் கனத்துவிடும், முன்னால் எடைக்கட்டி போடாமல் வண்டியை எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பிடிக்காது.

ஓட்டும்போது கண் பிரஷர் கேஜில் இருக்கட்டும். முள் 100, 120-இல் ஆடினால் சரியாகப் போகிறது. 160-ஐத் தொட்டு நின்றால் கையை வேகமாக ஆட்டுகிறீர்கள், அந்த நேரத்தில் வேலை நடக்காது, ரிலீஃப் வால்வு வழியாக ஆயில்தான் கொதிக்கும். மரத்துக்கு மரம் இது மாறும். 2016 டிசம்பரில் வர்தா புயல் நம் ஊரில் சாய்த்த மரங்களில் குல்மோகர் நிறைய, அது மெத்தென்று அரையும், ஆனால் வேர் மேலாகவே பரவியிருப்பதால் அதைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். எண்ணூர், கத்திவாக்கம் பக்கத்துத் தென்னை வேறு ரகம். அதில் மரம் என்று ஒன்று இல்லை, முழுக்க நார். ஈர நார் சக்கரத்துக்கும் பிளம்மர் பிளாக்குக்கும் நடுவில் ஷாஃப்ட்டில் கயிறாகத் திரிந்து இறுகும், கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், விட்டால் சீலின் உதட்டைத் தின்றுவிடும். அங்கே மண்ணும் கடல் மணல், கார்பைடு பல்லைக்கூடச் சீக்கிரம் மழுங்கடிக்கும். தெருவோர மரம் என்றால் பல்லுக்கு எதிரி ஆணி, விளம்பரத் தட்டி அடித்தது, கேபிள் கட்டியது, சிலதை மரப்பட்டையே மூடியிருக்கும். ஒரு காந்தத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

சீமைக் கருவேலத்துக்கு மட்டும் ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தரை மட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும், ஏனென்றால் மொட்டுகள் தரைக்குக் கீழே வேர்க்கழுத்தில் இருக்கின்றன. ஒரு அடி ஆழம் வரை அரைத்து அந்தக் கழுத்தையே எடுத்துவிட்டால்தான் அது முடிகிறது. மீஞ்சூர் பக்கம் காலி மனைகளில் இந்த வேலைதான் எனக்கு அதிகம்.

சக்கரத்தைச் சுற்றிப் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டித் திரையாகத் தொங்கவிடுங்கள், துண்டுகள் சிதறாது. கல் பறந்து வருவதையும் அது பெரும்பாலும் பிடித்துவிடும், இருந்தாலும் கண்ணாடியும் ஷூவும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். ஹோஸில் கசிவு தெரிந்தால் கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளையில் 150 பாரில் வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். இன்ஜினை நிறுத்துங்கள், லீவரை ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள், அப்புறம் ஹோஸைக் கழற்றுங்கள். ஓடும்போதே எங்கே கசிகிறது என்று பார்த்தாக வேண்டுமென்றால் நீளமான அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

பழைய பம்ப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிப்பர் லாரியிலிருந்து கழற்றிய பம்ப் நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் கனமாக இருக்கும். பெட்டியை ஒருமுறை தூக்கிவிட்டு ஓய்வெடுப்பதற்காகச் செய்தது அது, மணிக்கணக்கில் ஓடுவதற்கு அல்ல, சிசியும் அதிகம், சின்ன டிராக்டரின் இன்ஜினை அமுக்கிவிடும். காசு கொஞ்சம் கூடினாலும் கியர் பம்பைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள்; பிரேம், தொட்டி, கவர் எல்லாவற்றையும் பழைய இரும்பில் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.