கரண்ட் இல்லாத காலத்துச் சயன்ஸ் பாடம்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு குழுவில இருக்கிற தம்பி கன நாளா வட்ஸப்பில துரத்துறார். பிக் மட்ச் பற்றி எழுத ஆள் இருக்கு, வருசா வருசம் அதே மட்ச்சை வேற வேற ஆக்கள் வெண்டு குடுக்கினம், ஹொஸ்டல் சாப்பாட்டுக் கதையும் போன மலரோட முடிஞ்சுது. நான் ஏ.எல் கொமர்ஸ் செய்து இப்ப லண்டனில மற்ற ஆக்களின்ர கணக்குவழக்குப் பாக்கிறவன். ஆனா பள்ளிக்கூடம் எண்டு நினைச்சா எனக்கு முதல் வாறது ஓ.எல், அதாவது பதினோராம் வகுப்புச் சோதனைக்குப் படிச்ச சயன்ஸ் பாடம்தான். எங்கட பச்சில டொக்டரா இஞ்சினியரா வந்த ஆக்கள் சிரிப்பினம், சிரிக்கட்டும். பயோ, மட்ஸ் எண்டு பிரிஞ்சு போனவைக்கு அதுக்கு மேல கன பாடம் வந்து விழுந்து மூடிப்போட்டுது, ஓ.எல்லோட சயன்ஸை விட்ட எங்களைப் போல ஆக்களுக்குத்தான் அது அப்பிடியே மிச்சமிருக்கு எண்டு நான் சொல்லுவன்.

யாழ்ப்பாணத்தில 92, 93, 94 சண்டைக் காலம். 90ல போன கரண்ட் போனதுதான். லாப் எண்டு ஒரு அறை இருந்தது, அதுக்குள்ள பாதி அலுமாரி வெறும் அலுமாரி. பற்றறி தடை, ஸ்பிரிட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைச்சா அது ஜாம் போத்தல் விளக்குக்கு. சயன்ஸ் படிப்பிச்ச சேரின்ர பட்டப்பெயரை இதில எழுதேலாது, பிள்ளையளும் வாசிக்கிற மலர், தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். அவர் இல்லாத சாமானைப் பற்றிக் கவலைப்பட்டு நான் காணேல்ல.

பாறைகள் எண்டு ஒரு பாடம், தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை. நாங்கள் பாடமாக்கத் தயாரா இருக்க சேர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது பள்ளிக்கூடப் பங்கருக்கு. பங்கர் வெட்டேக்க வந்த கல்லெல்லாம் பக்கத்தில குவிஞ்சு கிடந்தது, அதில ஒண்டை எடுத்து உடைச்சுக் காட்டினார், உள்ளுக்குச் சின்னச் சின்னச் சிப்பி, சோகி, கடல்ல பொறுக்கிற மாதிரியே. பிறகு அதில தேசிக்காயைப் பிழிஞ்சார், சுர்ரெண்டு நுரைச்சுது, அதுதான் சுண்ணாம்புக் கல்லு, வாறது காபனீரொட்சைட்டு. இலங்கையின்ர பத்தில ஒன்பது பங்கு நிலம், இந்தியா மடகஸ்கார் அந்தாட்டிக்கா எல்லாம் ஒண்டா ஒட்டியிருந்த கொண்டுவானாக் காலத்துப் பழம் பாறை, எங்கட பக்கம் மட்டும் கிட்டடியில, அதாவது ரெண்டு கோடி வருசத்துக்குக் கிட்ட முந்தி, மயோசீன் காலத்தில கடலுக்கடியில படிஞ்சு வந்தது. கிட்டடி எண்டு அவர் சொன்னதுக்கு வகுப்பே சிரிச்சுது. உயிருக்குப் பயந்து ஒளிக்கிற கிடங்கில பாறைப் பாடம் படிச்ச வேற ஆக்கள் இருந்தா எனக்கு எழுதுங்கோ.

கல்லில இருந்து நேர கிணத்துக்கு வந்தார், இதுதான் எனக்கு இண்டைக்கும் பிடிச்ச பாடம். யாழ்ப்பாணத்தில ஆறு எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும், அப்ப இவ்வளவு சனமும் தோட்டமும் குடிக்கிற தண்ணி எங்கால? ஒரு கண்ணாடி ஜாம் போத்தலுக்குள்ள உப்பைக் கரைச்சு அதில உடுப்புக்குப் போடுற நீலத்தைக் கலந்தார், பிறகு ஒரு கரண்டியைக் கவிட்டுப் பிடிச்சு அதின்ர முதுகில நல்ல தண்ணியை மெல்ல மெல்ல ஊத்தினார். ஊத்தி முடிய கீழ நீலம் மேல தெளிஞ்ச தண்ணி, நடுவில கோடு கிழிச்ச மாதிரி. உப்புத்தண்ணி பாரம் கூட, நல்ல தண்ணி அதுக்கு மேல மிதக்குது. எங்கட காலுக்குக் கீழயும் இதுதான் நிலைமை, மாரி மழை சுண்ணாம்புக் கல்லின்ர வெடிப்புகளால இறங்கி உள்ளுக்கு வந்திருக்கிற கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டிருக்கு. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா அதுக்குக் கீழ நாப்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கலாம், மற்றப் பக்கமாப் பாத்தா மேல ஒரு அடியை இறைச்சு முடிச்சா கீழ இருந்து உப்பு நாப்பது அடி ஏறும். கணக்குப் படிச்ச எனக்கு இப்பிடி ஒரு பயங்கரமான வட்டி வீதத்தை இதுவரைக்கும் ஒரு பாங்கிலயும் காணேல்ல. நிலாவரைக் கிணறு ஆழங் காணேலாத கிணறு எண்டு கதை கேட்டு வளந்த எங்களுக்கு, அங்கயும் மேல நல்ல தண்ணி, கீழ போகப் போக உப்பு எண்டு சொல்லேக்க அந்தப் போத்தல்தான் கண்ணுக்குள்ள வந்துது. கீரிமலையில கடலுக்குப் பக்கத்தில நல்ல தண்ணி ஊத்து வாறதும் இதே கதைதான், ஆனா அப்ப கீரிமலைக்குப் போகேலாது, அந்தப் பக்கத்துச் சனம் 90லயே இடம்பெயர்ந்து எங்கட வகுப்பிலயும் இருந்தவை, அவையள்தான் எழும்பி அந்தக் கேணி எப்பிடி இருக்குமெண்டு எங்களுக்குச் சொன்னவை.

வானம் எண்டு வந்தா கரண்ட் இல்லாதது எங்களுக்கு லாபம். இரவில முத்தத்தில நிண்டால் அவ்வளவு நட்சத்திரம், ஆமி முகாம் பக்கத்தால பரா லைட் எண்ட வெளிச்சக் குண்டு போடேக்க மட்டும் எல்லாம் மங்கும். சேர் சொல்லித் தந்தது, கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடிச்சா அது ஏறத்தாழ பத்துப் பாகை. துருவ நட்சத்திரம் அடிவானத்தில இருந்து எத்தினை பாகை உயரமோ அதுதான் அந்த ஊரின்ர அகலக்கோடு, யாழ்ப்பாணத்துக்கு ஒன்பதே முக்காலுக்குக் கிட்ட, அதாவது ஒரு முட்டிதான். ஆனா அது பனங்கூடலுக்குப் பின்னால ஒளிச்சுக்கொள்ளும், வெளியாப் பாக்கிறதெண்டால் வடக்குக் கடற்கரைக்குப் போகோணும், அந்த நாளில இரவில கடற்கரைக்குப் போறதெண்டால் வேற பிரச்சினை, ஆனபடியால் சேரை நம்பி எழுதினம். லண்டனில வந்து பாத்தா அது அஞ்சு முட்டிக்கு மேல நிக்குது, 51 பாகை. ஊரில வள்ளம் மாதிரிப் படுத்துக் கிடக்கிற பிறை இங்க எழும்பி நிக்குது, தெற்குச் சிலுவை இங்கத்த வானத்தில இல்லவே இல்லை. ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்திட்டம் எண்டு விமானத்தில விளங்கேல்ல, இதில விளங்கிச்சு.

சித்திரை வருசப்பிறப்பு லீவுக்கு அவர் தந்த வீட்டு வேலை, முத்தத்தில ஒரு தடியை நேரா ஊண்டி மத்தியானம் நிழலைப் பாக்கிறது. ஏப்ரல் 14, 15 மட்டில சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில வருது, தடிக்கு நிழல் இல்லாமல் போகும், திரும்ப ஆகஸ்ட் கடைசியிலயும் வரும். ஆனா சரியா 12 மணிக்கு இல்லை, 12.10க்கு. ஏனெண்டால் எங்கட மணிக்கூடு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு வச்சது, நாங்கள் இருக்கிறது 80ல, பாகைக்கு 4 நிமிசம், ரெண்டரைக்கு 10 நிமிசம். புது உடுப்போட கைவிசேசம் வாங்க வந்த பெடியள் எல்லாம் தடியைச் சுத்தி நிக்க அம்மம்மா கேட்டா, வருசத்தில அண்டைக்கும் உங்களுக்குப் படிப்போ எண்டு.

94 ஜூலையில வால்வெள்ளி ஒண்டு துண்டு துண்டா உடைஞ்சு வியாழனில விழுந்தது, ஷூமேக்கர் லெவி 9, 16ஆம் திகதி தொடங்கி 22 மட்டும் இருபதுக்கு மேற்பட்ட துண்டு. உலகம் முழுக்க தொலைநோக்கியால பாக்க நாங்கள் சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவில வயர் குடுத்து றேடியோவில கேட்டம். ஒருத்தர் பெடலைச் சுத்தோணும், அவர் களைச்சா நியூஸ் செத்துப்போகும், அதனால வகுப்பில ஆர் கனக்கக் கதைச்சவரோ அவருக்குத்தான் பெடல் எண்டு சேரின்ர சட்டம். இருண்டவுடன வியாழன் உச்சிக்குக் கிட்ட நிண்டது, வெறுங்கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்ல. இப்ப நீங்கள் பாக்கிறதே 40 நிமிசத்துக்கு முந்தின வியாழன், ஒளி வந்து சேர அவ்வளவு செல்லும், றேடியோக்காரன் சொல்லுறது அதைவிடப் பழசு எண்டார்.

சுகாதாரம் பெரும்பாலும் நுளம்பும் வயித்தோட்டமும்தான். பாழ்கிணத்துத் தண்ணியை அள்ளிப் போத்தலில விட்டு, நுளம்புப் புழுவான குடம்பி தலைகீழாச் சரிஞ்சு தொங்கினா அது கியூலெக்ஸ், தண்ணி மட்டத்தோட படுத்து மிதந்தா மலேரியா பரப்புற அனொபிலிஸ் எண்டு பிரிக்கப் பழக்கினார். 95 ஒக்ரோபர் கடைசியில சண்டை கிட்ட வர எல்லாருமா யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, பிறகு வன்னிக்குப் போன சனத்தை மலேரியா பிடிச்ச பிடியில அது பாடமா இல்லாமல் வாழ்க்கையாப் போச்சு. 2016ல மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று குடுத்தது, சின்னச் சாதனை இல்லை. ஆனா அதுக்குப் பிறகு மன்னார்ப் பக்கத்தில ஸ்டெபன்சி எண்ட புது அனொபிலிஸ் வந்து நிக்குது, அது முட்டை விடுறது கிணத்திலயும் தண்ணித் தொட்டியிலயும், ஊரில பூட்டிக் கிடக்கிற வீடும் மூடாத கிணறும் வச்சிருக்கிற வெளிநாட்டு ஆக்கள் இதை ஒருக்காக் கவனியுங்கோ.

பரம்பரைப் பாடத்துக்கு, அதாவது மெண்டல் பட்டாணிச் செடியில கண்டுபிடிச்ச விதிக்கு, சாமான் புளியங்கொட்டை. தாயம் விளையாட உரைஞ்சு எடுக்கிற மாதிரி ஒரு பக்கத்தைச் சீமெந்தில தேச்சு வெள்ளையாக்கி ஆளுக்கு ரெண்டு. ஒண்டு தாய், ஒண்டு தகப்பன். ரெண்டும் வெள்ளை விழுந்தால் கட்டைப் பட்டாணி, மற்ற எல்லாம் நெட்டை. எனக்கும் பக்கத்தில இருந்தவனுக்கும் கட்டையே கூட விழுந்துது, மெண்டல் பிழை எண்டு நாங்கள் சந்தோசப்பட்டம். பிறகு முழு வகுப்பின்ர கணக்கையும் போட்டிலே எழுதிக் கூட்டக் கூட்ட மூண்டுக்கு ஒண்டு எண்டு வந்து நிண்டுது. மெண்டலுக்கும் நெட்டை 787, கட்டை 277, பிரிச்சுப் பாத்தா 2.84தான், உருண்டை விதைக்கு 5474, சுருங்கினதுக்கு 1850, எண்ணிக்கை கூட அது 2.96. ஒரு மாச வியாபாரத்தைப் பாத்து கடையை விக்கப்போறன் எண்டு வாற முதலாளிமாருக்கு நான் இப்பவும் சொல்லுறது இந்தப் புளியங்கொட்டைக் கணக்கைத்தான்.

நாக்கை உருட்டுறது ஆட்சியான இயல்பு, தாய் தகப்பன் ஒருத்தரால வந்தாலே காணும் எண்டு அப்ப படிச்சம், வகுப்பே நாக்கை நீட்டிக்கொண்டிருக்க அதிபர் வாசலில வந்து நிண்டது தனிக்கதை. அது அவ்வளவு லேசான விசயம் இல்லையாம், ஒரே கரு இரட்டையரிலயே சில சோடியில ஒருத்தர் உருட்ட மற்றவர் உருட்டமாட்டார். அடுத்து வந்தது மச்சான் மச்சாள் கலியாணம். வகுப்பில அரைவாசிப் பேரின்ர தாய் தகப்பன் சொந்தத்துக்குள்ள கட்டினவை, சேரே தன்ர சொந்த மச்சாளைக் கட்டினவர். ஆனாலும் மழுப்பேல்ல. சொந்த மச்சான் மச்சாளுக்கு எட்டில ஒரு பங்கு பரம்பரை அலகு பொதுவா இருக்கும், ரெண்டு பேரிலயும் ஒளிச்சிருக்கிற ஒரே பழுது பிள்ளையில சந்திக்க வாய்ப்புக் கூட, வருமெண்டில்லை, வாய்ப்புக் கூட எண்டு நிறுத்தினார். இங்க பிராட்போர்ட்டில ஆயிரக்கணக்கான பிள்ளையளைப் பாத்து 2013ல வந்த ஆய்விலயும் பிறவிக் குறைபாடு நூற்றுக்கு 3 எண்டது அப்பிடியான குடும்பங்களில 6 எண்டுதான் வந்தது. ரெண்டு மடங்கு எண்டு பயப்பிடலாம், 94 பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டும் பாக்கலாம், சேர் ரெண்டையும் சொல்லியிருப்பார்.

சீனி வருத்தத்தை அப்ப ஒரு பந்தியோட விட்டவர், இப்ப எங்கட பச்சுக்கு அதுதான் முழுப் பாடம். வெள்ளைக்காரருக்கு உடல் நிறைச் சுட்டி 25 எண்டால் எங்களுக்கு இங்க 23லயே கவனிக்கச் சொல்லுகினம், ஏனெண்டால் எங்கட ஆக்களுக்குக் குறைஞ்ச நிறையிலயும் இள வயசிலயும் அது வருது. இதை நாங்கள் கதைக்கிறது ஒன்றுகூடலில கையில ரோல்ஸ் தட்டோட.

கடைசியா ஒரு காசுக் கதை. போன பொதுக்கூட்டத்தில பவிலியனுக்குப் பெயின்ற் அடிக்க ஒதுக்கினதைப் பாத்தன், நான் எதிர்க்கேல்ல. அதில பத்தில ஒரு பங்குக்கு ஒரு நல்ல கண்ணாடித் தொலைநோக்கி வாங்கலாம், மிச்சத்துக்கு ரெண்டு நுணுக்குக்காட்டியும் கிணத்துத் தண்ணியின்ர உப்பையும் நைத்திரேற்றையும் அளக்கிற கிற்றும் வரும், பிள்ளையள் தங்கட வீட்டுக் கிணத்தை மாசாமாசம் அளந்து எழுதினால் சில வருசத்தில அதுவே ஒரு நல்ல பதிவு. விலையெல்லாம் எடுத்துப் பொருளாளருக்கு ஈமெயிலில அனுப்பியிருக்கிறன், பதில் வரேல்ல, மலரை எப்பிடியும் வாசிப்பார்.