சந்தனமா, பிஸ்கட்டா: அம்மா அறைக்குக் கலர் பார்த்தது

அம்மாவின் அறைக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டு கலரில் எது என்பதுதான் முடிவாகவில்லை. ஒன்று மஞ்சள் சாயலுள்ள வெளிர் சந்தனம். இன்னொன்று பிஸ்கட் கலர். ஷேட் கார்டில் பிஸ்கட்தான் என் மனதுக்குப் பிடித்தது.

கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவுத் துண்டு. அதை நம்பி அறை முழுக்க அடிக்க மனம் வரவில்லை. "புடவை எடுத்தா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். சுவரை எங்கடா கொண்டுபோறது?" என்றார் அம்மா. சரி, சுவருக்குப் பதில் சார்ட் பேப்பரைக் கொண்டுபோகலாம் என்று இரண்டு கலரிலும் சின்ன டப்பா வாங்கி, கலருக்கொரு சார்ட்டில் இரண்டு கோட் அடித்தேன்.

ஈரத்தில் இரண்டும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரிந்தன. எமல்ஷன் பெயின்ட்டில் இருக்கும் பசை ஈரமாக இருக்கும்வரை பால் போல வெள்ளையாக இருக்கும். காய்ந்ததும் தெளிந்துவிடும், கலரும் ஒரு படி ஏறும். அதனால் மறுநாள்தான் பார்த்தோம்.

எங்கள் வீட்டில் ரெட் ஆக்சைடு தரை. காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து, அந்தச் சிவப்போடு சுவருக்கு ஏறுகிறது. பிஸ்கட் சார்ட்டைத் தரையோரம் வைத்தால் அப்படியே ரோஸ்! அதையே பரண் உயரத்துக்குத் தூக்கினால் பிஸ்கட். ஒரே சுவரில் இரண்டு கலர் என்றால் எப்படி? சந்தனம் அந்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு தேன் நிறத்துக்கு வந்தது. பார்க்கவே நிறைவாக இருந்தது.

ராத்திரிதான் சிக்கல். 6500 கெல்வின் டியூப்லைட்டின் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் சந்தனம் லேசாகப் பச்சை தட்டியது. 3000 கெல்வின் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அழகு, ஆனால் வெள்ளை மாத்திரையும் வெளிர்மஞ்சள் மாத்திரையும் அம்மாவுக்கு ஒன்றாகத் தெரிந்தன. அது ஆகாது. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் 4000 கெல்வின் எல்இடி மாட்டினோம். மாத்திரையும் பிரிந்து தெரிகிறது, சந்தனமும் சந்தனமாக இருக்கிறது.

நான்கு சுவரும் சேர்ந்தால் கலர் அடர்ந்து தெரியும் என்பதால், அதே வரிசையில் ஒரு படி வெளிர் ஷேடையும் சார்ட்டில் அடித்துப் பார்த்துவிட்டு அதையே எடுத்தோம். டப்பாவுக்கு டப்பா மாறாமலிருக்க மொத்தத்தையும் ஒரே நாளில் மெஷினில் கலக்கி வாங்கினேன். ஷேட் நம்பர் பீரோ கதவின் உள்பக்கம் எழுதியாகிவிட்டது.

இன்று பீரோ பக்கச் சுவருக்கு முதல் கோட் முடிந்தது. தரையோரம் குனிந்து பார்த்தேன், ரோஸ் இல்லை. நாளைக் காலை இரண்டாவது கோட்.